நாற்பத்தொன்றாம் நம்பர் பை

புதன்கிழமை, மாலை

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீ, சின்னவள், அண்ணி, மருமகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு இருமல் நின்றதா? மருந்தைத் துப்பினாள் என்று எழுதியிருந்தாய். அது உன் ரத்தம், துப்பத்தான் செய்யும்.

நேற்று அடித்த தந்தி கிடைத்திருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டை ரெண்டு பண்ணியிருப்பாய் என்று தெரியும். கண்டபடி கற்பனை பண்ணாதே. உன் அண்ணனுக்குக் கையில் அடி, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு பெரிய பம்பின் மூடியைச் சங்கிலியில் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கிலி வழுக்கிவிட்டது. வலது கையில் பட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டோடு எழுத முடியாது என்பதால் அவருக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் இடம் கொடுக்கவில்லை, பொது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். ஏதோ பதிவேட்டில் குழப்பமாம். நான் ஸ்டோர்கீப்பர், பதிவேட்டுக் குழப்பமெல்லாம் எனக்கு எம்மாத்திரம்? பேசிச் சரி பண்ணிவிடுவேன். அண்ணியிடம் பக்குவமாகச் சொல். நீ சொல்கிற மாதிரி சொல்லாதே, வேறு யாராவது சொல்கிற மாதிரி சொல்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தாய். வாஷர் மாற்றினால் போதும். உன் அண்ணன் வந்தால் ஒரு நிமிஷ வேலை. சரி, அதுவரை காத்திருக்க வேண்டாம், வேறு யாரையாவது கூப்பிட்டுச் சரி செய்துகொள்.

அவசரப்பட்டு யாரும் கிளம்பி வர வேண்டாம். நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


ஞாயிற்றுக்கிழமை, பகல்

என் மனைவிக்கு,

உன் கடிதம் வந்தது. வலது கையில்தானே கட்டு, என் அண்ணன் இடது கையால் ஒரு கோடாவது கிழித்து அனுப்பக் கூடாதா, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு எதை மறைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் எதையாவது மறைக்க முடிந்திருக்கிறதா இதுவரை.

அண்ணியும் மருமகளும் பக்கத்தில் இருந்தால் இதை மடித்து வைத்துவிடு. தனியாக உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

போன கடிதத்தில் எழுதியதில் பாதி பொய். உன் அண்ணனுக்கு வலது கை இல்லை. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நான் உனக்கு ‘கட்டுப் போட்டிருக்கிறார்கள்’ என்று எழுதிய அன்றைக்கே எடுத்தாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உன் அண்ணன் திருட வந்தார் என்று கம்பெனி புகார் கொடுத்திருக்கிறது. யார்? ஒரு நட்டு கீழே கிடந்தால் அது யாருடையது என்று நாலு பேரைக் கேட்டுவிட்டு எடுக்கிற மனுஷன். இவ்வளவுக்கும் காரணம் நான். சங்கிலி வழுக்கியது மட்டும்தான் என் கையில் இல்லை. மற்றது எல்லாம் என் வாயாலும் என் பேனாவாலும் நடந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். இடையில் கிழித்துப் போடாதே.

எங்கள் ஸ்டோர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீளமான அறை, நடுவில் கம்பி வலை வைத்த கவுண்டர், பின்னால் சுவர் முழுக்க நூற்றுப்பன்னிரண்டு கொக்கி. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு தொழிலாளியின் பை. ஸ்பானர், அரம், சுத்தியல் எல்லாம் அவரவர் சொந்த சாமான், ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. மாலையில் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். காலையில் பித்தளை வில்லையைக் காட்டினால் நான் எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு நம்பருக்கும் இரண்டு வில்லை உண்டு. ஒன்று ஆளிடம், இன்னொன்று கொக்கியில். உன் அண்ணன் நம்பர் நாற்பத்தொன்று. அண்ணி பழைய கூடாரத் துணியில் தைத்துக் கொடுத்தாளே, நீல நூல் போட்டு, அந்தப் பைதான்.

வில்லை இல்லாவிட்டால் பை இல்லை. அதில் நான் ரொம்பக் கறார். ஒரு நாள் உன் அண்ணன் வில்லையை அறையில் மறந்துவிட்டு வந்தார். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுக்கிறோம், அன்று காலை அவர் போட்ட டீயைக் குடித்துவிட்டுத்தான் நான் வந்திருந்தேன். ஆனாலும் விடவில்லையே. நீங்கள் யார் என்று எனக்கு எப்படித் தெரியும், வில்லையைக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். போக வர முக்கால் மணி நேரம். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார். உன் அண்ணனையே கிளப்பிவிட்டேன் பார் என்று உனக்கு அப்போது பெருமையாக எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா?

புது மேனேஜர் வந்த பிறகு சனிக்கிழமை மத்தியானம் எல்லோருக்கும் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். அவருக்கு நம் பாஷை தெரியாது, அதனால் நாங்கள் அவர் பாஷை படிக்க வேண்டுமாம். சாப்பாட்டு ஹாலில் பலகை மாட்டி, ஒரு டீச்சரம்மா வருவார். நல்லவர். வாரம் ஒரு மரபுத்தொடர் எழுதிப் போட்டு, அதற்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது என்று கதை மாதிரி சொல்வார். உன் அண்ணன் முதல் பெஞ்சு. நோட்டுப் போட்டு ஒன்று விடாமல் எழுதுவார், தன் மகளுக்கு அனுப்ப. நான் கடைசிக்கு முந்தின பெஞ்சு, சிரிக்க வைக்கிற பெஞ்சு.

ஒரு வாரம் ‘கெட் த சாக்’ என்று எழுதிப் போட்டார். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் கோணிப்பை கிடைப்பது. அர்த்தம், வேலையிலிருந்து நிறுத்தப்படுவது. அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் கருவிகளை ஒரு பையில் போட்டு எடுத்து வருவார்களாம். வேலை இருக்கிற வரை பை முதலாளியிடம் இருக்கும். வேண்டாம் என்று முடிவு பண்ணினால் முதலாளி பையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். பை கிடைத்தால் கிளம்பு என்று அர்த்தம். இங்கிலீஷில் மட்டும் இல்லை, அதற்கு முன்பே பிரெஞ்சுக்காரர்களும் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் இதுதான் மூலம் என்று சத்தியம் பண்ண யாரும் இல்லை, இப்படிச் சொல்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? உன்னை வாயாடி என்று கூப்பிடுகிறவன் நான். நிஜமான வாயாடி யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். அந்தக் காலம் என்று ஏன் சொல்கிறீர்கள் டீச்சர், என் ஸ்டோருக்கு வந்து பாருங்கள், நூற்றுப்பன்னிரண்டு பை தொங்குகிறது, எந்தப் பையை இறக்கிக் கவுண்டர் மேல் வைக்கிறேனோ அந்த ஆள் காலி, ஆபீஸில் கூப்பிட்டு உட்கார வைத்து மூக்கைச் சிந்த வேண்டிய அவசியமே இல்லை என்றேன்.

ஹாலே குலுங்கியது. உன் அண்ணன் திரும்பிப் பார்த்து, என் மாப்பிள்ளை என்று பக்கத்து ஆளிடம் காட்டிச் சிரித்தார். அன்றைக்குப் பார்த்து மேனேஜர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க. எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று டீச்சரம்மாவிடம் கேட்டார். அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். மேனேஜர் எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் ஆளை நிறுத்துவது எப்படித் தெரியுமா? பழைய மேனேஜர் அறைக்குக் கூப்பிடுவார். நாற்காலி போடச் சொல்வார். டீ வரும். இன்ன காரணம் என்று சொல்வார். கேட்கிறவன் அழுதால் அழட்டும் என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவு வரை கூட வருவார். அதுவே பெரிய கொடுமை என்று அப்போது பேசிக்கொள்வோம்.

வகுப்பு நடந்து மூன்றாம் வாரம் ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு பட்டியல் வந்தது. ஆறு நம்பர். இந்தப் பைகளை இறக்கி நாளைக் காலை கவுண்டர் மேல் வைக்கவும், மேலே, இத்தோடு இணைத்திருக்கிற வேலை நீக்கச் சீட்டை வைக்கவும், வில்லையைத் திரும்ப வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும். அவ்வளவுதான். யாரையும் யாரும் கூப்பிடப் போவதில்லை. மேற்பார்வையாளருக்குக்கூடத் தெரியாது. மறுநாள் யார் வேலைக்கு வரவில்லையோ அவன் போய்விட்டான் என்று அவர் புரிந்துகொள்ள வேண்டியதுதான். பட்டியலை நாலு தடவை படித்தேன். அது என் வாயிலிருந்து வந்தது. ஒரு வார்த்தை மாறவில்லை.

அந்த ஆறு பேரில் ஒருவர் கடைசல் பிடிக்கிற பெரியவர். எல்லோரும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருஷம் ஒரே லேத்து. காலையில் வந்தார். கவுண்டர் மேல் பையைப் பார்த்தார். எனக்காக முன்னாடியே எடுத்து வைத்துவிட்டாயா, நீயல்லவா பிள்ளை என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, சீட்டைப் பார்க்காமலே பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். லேத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை நான் வாங்கிக் கீழே வைத்தேன். அப்போதும் புரியவில்லை அவருக்கு. சீட்டை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி இல்லை, நீயே படி என்றார். படித்தேன். இருபது பேர் பார்க்க, சத்தமாக, லேத்து ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திப் படித்தேன்.

அன்று மாலை உன் அண்ணனிடம் சொன்னேன், என் வாயில் மண்ணைப் போட வேண்டும் என்று. அவர், விளையாட்டுக்குச் சொன்னதை அந்த ஆள் எடுத்துக்கொண்டால் நீ என்ன பண்ணுவாய் என்று சமாதானம் சொன்னார். சோறு வடித்து என் தட்டில் முதலில் போட்டார்.

பிறகு இரண்டு பட்டியல் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் செய்தேன். காலையில் வரிசை என் கவுண்டரைத் தூரத்திலிருந்தே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கவுண்டர் பலகையைத்தான் பார்த்தார்கள். காலியாக இருந்தால் பேச்சு வரும்.

நான்காவது பட்டியல் ஒரு வியாழக்கிழமை மாலை வந்தது. மூன்று நம்பர். நடுவில் நாற்பத்தொன்று.

மற்ற இரண்டு பையை இறக்கினேன். நாற்பத்தொன்றைத் தொட்டேன், இறக்க முடியவில்லை. அந்த நீல நூல் கண்ணில் பட்டது. அவர் சைக்கிள் கடையை மூடிவிட்டு இங்கே வந்ததே என்னால்தான். வாருங்கள் மச்சான், நல்ல இடம் என்று எத்தனை கடிதம் போட்டேன், நீயும் எத்தனை தடவை அவரிடம் சொன்னாய். மேனேஜர் வெளியூர் போயிருந்தார், செவ்வாய்க்கிழமை மத்தியானம் வருவார் என்றார்கள். வந்ததும் காலில் விழுந்தாவது பேரை எடுக்கச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாலு நாள்தானே. வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் ஆள் பதிவேட்டையும் வில்லைகளையும் வாங்க வந்து நின்றான். நான் கொக்கியில் இருந்த வில்லையைக் கழற்றி, ஆளிடம் வாங்கின வில்லை மாதிரி அவனிடம் கொடுத்தேன். நாற்பத்தொன்று, பை ஒப்படைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளி, சனி, திங்கள், மூன்று நாளும் உன் அண்ணன் வில்லையைக் காட்டினார், நான் பையை எடுத்துக் கொடுத்தேன். கம்பெனிக் கணக்கில் அவர் அங்கே இல்லை. அவருக்கு அது தெரியாது. மாலையில் அறைக்கு வந்து பம்பைப் பற்றிப் பேசுவார். பல வருஷத்துக்கப்புறம் பெரிய வேலை கொடுத்திருக்கிறார்கள், என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்றார் திங்கட்கிழமை. அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்றே தெரியாத மேற்பார்வையாளர், ஆள் பற்றாததால் எதிரில் நின்றவரை அந்த வேலையில் போட்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய இடத்தில் எனக்கு வாய் வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பையை வாங்கும்போது, ஏன் உன் முகம் இப்படி இருக்கிறது, தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பதினோரு மணிக்குச் சத்தம் கேட்டது.

மத்தியானம் மேனேஜர் வந்தார். பதிவேட்டைப் பிரித்தார்கள். வெள்ளிக்கிழமையே பை கொடுத்து அனுப்பின ஆள் செவ்வாய்க்கிழமை எப்படி உள்ளே வந்தான்? பித்தளை சாமான் தூக்கத்தான் வந்திருப்பான், அவசரத்தில் சங்கிலியை அவிழ்த்து மாட்டிக்கொண்டான் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். இது உன் கையெழுத்தா என்றார்கள். ஆமாம் என்றேன். பையைக் கொடுத்தாயா என்றார்கள். வெளியே வேனில், மேனேஜர் உத்தரவுக்காகக் காத்துக்கொண்டு, உன் அண்ணன் ரத்தத்தோடு கிடக்கிறார். பொய்க் கையெழுத்து என்றால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள், இரண்டு வீட்டுக்கும் யார் இருப்பார்கள் என்று ஓடியது புத்தி. பயம் என்று சொன்னால் போதும், அதற்கு எதற்கு இவ்வளவு விளக்கம். கொடுத்தேன் என்று சொன்னேன். அந்த வேன் கம்பெனி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் பொது ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே வெளித் தாழ்வாரத்தில் மூன்று மணி நேரம் கிடத்தியிருந்தார்கள். சீக்கிரம் வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதை இப்போது ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

நர்ஸ் அவருடைய சட்டையையும் சாமானையும் ஒரு மூட்டையாகக் கட்டி என்னிடம் கொடுத்தாள். சட்டைப்பையில் வில்லை இருந்தது. நாற்பத்தொன்று. அது அவரிடம் இருந்ததென்றால் அவரிடமிருந்து யாரும் வாங்கவில்லை என்று அர்த்தம். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். அவர் திருடன் இல்லை என்று சொல்ல உலகத்தில் இருந்தது அந்த ஒரு வில்லைதான். எட்டு நாள் அதை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்த எட்டு நாளில் ஒரு நாள்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

ஒன்பதாம் நாள் அவருக்குக் காய்ச்சல் விட்டு நினைவு தெளிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வில்லையைத் தொலைத்துவிட்டேன் மாப்பிள்ளை, தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை, கறார்ப் பேர்வழி நீ, பையைக் கொடுப்பாயா என்று கேட்டார். பையைப் பத்திரமாக வை, ஒற்றைக் கைக்கும் ஏதாவது வேலை போடாமலா இருப்பார்கள் என்றார். போலீஸ்காரர் எதற்கு என்று கேட்கவில்லை. விபத்து நடந்தால் போலீஸ் வருவது வழக்கம் என்று நினைத்திருக்கிறார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். வில்லையையும் மேஜைமேல் வைத்தேன். இன்ஸ்பெக்டர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நீ யார், அவன் மச்சான். பதிவேட்டில் இருப்பது யார் கையெழுத்து, உன்னுடையது. அன்றைக்குக் கொடுத்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் யார், நீ. இப்போது வந்து இப்படிச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து திருடினீர்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்றார். அந்த நாலு நாளும் அவன் உள்ளே வேலை செய்தான் என்று சொல்ல வேறு ஆள் இருந்தால் கூட்டிக்கொண்டு வா என்றார்.

நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். அவரோடு சேர்ந்து சங்கிலி இழுத்தவர்களே மூன்று பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். வாசலில் வைத்தே பேசி அனுப்பினார்கள். ஒருவர், எனக்கும் ஒரு கொக்கி இருக்கிறது அப்பா என்றார். சித்தப்பா மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் சாட்சி சொல்லத் தயார். ஆனால் அந்த நாலு நாளில் அவரே அங்கே இல்லையே, நான்தானே படித்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. ஸ்டோர் திறந்திருந்தது. கவுண்டர் மேல் என் சாப்பாட்டுப் பை இருந்தது, நான் கொக்கியில் விட்டுவிட்டு வந்த பழைய பை. மேலே சீட்டு. உள்ளே நின்ற காவல்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நூறு பேர். பையை எடுத்தேன். அப்படி ஒரு கனம், காலிப் பைக்கு.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல். போலீஸ்காரர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார், கேட்கச் சகிக்காமல். உன் அண்ணன் திட்டவில்லை. திட்டுவார், அடிப்பார், இருக்கிற கையால் ஒரு அறை விடுவார் என்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்றேன். வெள்ளிக்கிழமையே பையைக் கொடுத்திருந்தால் நான் ஊருக்குப் போயிருப்பேன் மாப்பிள்ளை, கை இருந்திருக்கும் என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. சோறு கொண்டுபோனால் என் கையால் வாங்கவில்லை. போலீஸ்காரர் ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்கிறார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, பாத்திரம் வெளியே வருகிற வரை காத்திருக்கிறேன்.

என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. பொய்க் கையெழுத்துக்குக் கட்டாயம் கூப்பிடுவார்கள், அது நியாயம். வழக்கு நிற்குமா, உன் அண்ணன் பேர் துடைபடுமா, என்னால் சொல்ல முடியவில்லை. நம்பிக்கை என்று எழுதத்தான் ஆசை, பொய் எழுதி எழுதி அந்த வார்த்தையையும் கெடுத்துவிட்டேன். ஸ்டேஷனில் கொடுத்ததன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வை. இந்தக் கடிதத்தையும் கிழிக்காதே. நான் மாற்றிப் பேசினால் இதைக் காட்டு. என்னை நீயே நம்ப வேண்டாம்.

அண்ணியிடம் இதை நீ படித்துக் காட்ட வேண்டும். உன் அண்ணியிடம் என் வாயால் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, தைரியமும் இல்லை. மருமகள் நோட்டில் அவர் அனுப்பிய அந்தக் கோணிப்பை வாக்கியம் இருக்கும். அதை வைத்து வீட்டில் எல்லோரையும் விளையாட்டுக்கு வேலையை விட்டு நிறுத்துகிறாள் என்று முன்பு எழுதியிருந்தாய். இனி அவளை விளையாட வேண்டாம் என்று சொல்லாதே. ஏன் என்று கேட்பாள். முடிந்தால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. அவருக்கு ஊட்ட ஒரு கை வேண்டும், அது என் கையாக இருக்காது.

சின்னவளுக்கு என் முத்தம். அவளுக்கு எல்லா நலமும் வரட்டும், என் நாக்கு மட்டும் வராமல் இருக்கட்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேட்க உரிமை இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன். என்றைக்காவது நான் வீட்டுக்கு வருவேன். அதற்குள் நீ என்னை வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கலாம். பண்ணினால் தப்பே இல்லை. ஆனால் என் துணிமணியைப் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாதே. உள்ளே கூப்பிடு. நாற்காலி போடு. எதிரில் உட்கார்ந்து, உன் வாயால் சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்டுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்